கட் சொல்ல ஆளில்லை

அத்தியாயம் பதினான்கு

தட்டு உடைந்த சத்தத்தோடு உங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனதற்குப் பாதிப் பேர் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள். மீதிப் பேருக்கு அந்த எடிட்டர் அம்மாள்மேல் கோபம். "புருஷன் படம் எடுக்கிறானா, பெத்த பிள்ளையைப் பிழிந்து எடுக்கிறானா என்றுகூடத் தெரியாமல் அப்படி என்ன எடிட்டிங் வேண்டிக்கிடக்கிறது?" என்று ஒரு வாசகி பொரிந்து தள்ளியிருக்கிறார். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியை அவளே தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளப் போகிற நாள் இது.

இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. நம் நடிகர் இருபது வருஷமாகத் திரையில் அடியாட்களைப் பந்தாடிப் பெயர் வாங்கியவர். முதல்முறையாக டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கதை அவருடைய சொந்தக் கதை. பதினைந்து வயதுப் பையன், கண்டிப்பான அப்பா, ஒரு கோடை விடுமுறை, அதற்குள் அந்தப் பையன் பெரியவனாகிறான். பையனாக நடிப்பது அவருடைய மகன். வீட்டில் அவனுக்கு வாலு என்று பெயர். அப்பாவாக, அதாவது தன் சொந்த அப்பாவாக, நடிப்பது நடிகரே. படத்தை வெட்டி ஒட்டுவது மனைவி. தயாரிப்பு நடிகரின் அக்கா. ஆக மொத்தம் குடும்பப் படம். படம் முடியும்போது குடும்பம் மிச்சம் இருக்குமா என்பதுதான் இப்போது கவலை.

நேற்றுப் படப்பிடிப்பில், ஸ்கிரிப்டில் இல்லாத ஒரு தட்டை நடிகர் சுவரில் அடித்து உடைத்தார் இல்லையா? அதற்கு மறுநாள் காலை இது.

நடிகர் குளியலறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டுதான் முகம் மழித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எல்லாக் கதவுகளும் அப்படித்தான். ஒன்றிலும் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் போடுகிற சத்தமே அவருக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் எடிட்டர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சினிமாவில் ஒரே உதையில் இரும்புக் கதவைப் பெயர்க்கிற மனுஷன், வீட்டில் ஒரு சுண்டுவிரல் நீளத் தாழ்ப்பாளுக்குப் பயப்படுகிறாரே என்று. விருந்தாளி யாராவது வந்தால் குளியலறைக்குள்ளிருந்து சத்தமாகப் பாட வேண்டும், உள்ளே ஆளிருப்பது தெரிவதற்கு. கேலி செய்து செய்து அலுத்துப்போய், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வாலு பிறந்து வளர்ந்தது முழுக்க அந்தத் தாழ்ப்பாள் இல்லாத வீட்டில்தான்.

அவன் சாப்பாட்டு மேஜையில் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

"பாக்கெட்?" என்றாள் எடிட்டர்.

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "இருக்கும்மா."

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு உண்டு. புழுதி ஆகாது, பழைய துணி ஆகாது, மூடிக் கிடக்கிற அறை ஆகவே ஆகாது. இன்ஹேலர் பையில் இருந்தால் பயமில்லை. தினமும் காலையில் அவள் கேட்பதும் அவன் தட்டிக் காட்டுவதும் பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலை.

"சார் ரெடியான்னு கேளும்மா. வேன் வந்துடும்."

"எந்த சார்?"

அவன் குளியலறைப் பக்கம் கண்ணைக் காட்டினான்.

"வீட்டுல என்னடா சாரு மோரு?"

"செட்டுல அப்பான்னு கூப்பிட்டா எந்த அப்பான்னு குழப்பம் வருதாம். அதான் சார்னு கூப்பிடச் சொன்னாங்க. வாய் பழகிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரிப்பான் என்று பார்த்தாள். சிரிக்கவில்லை. இந்தப் பிள்ளை வாயை மூட என்ன கொடுக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் கேட்ட காலம் உண்டு. கொஞ்ச நாளாகவே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். வயசு அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நடிகர் வெளியே வந்தார். மீசையைக் கோடு மாதிரி ஒதுக்கியிருந்தார். நாத்தனார் வீட்டுப் போட்டோவில் பார்த்த மாமனார் எழுந்து நடந்து வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"இன்னைக்கு எந்த சீன்?"

"சின்ன சீன்தான். வசனமே இல்ல. மாடிப்படி."

"நான் வேணா ஒரு நடை வந்து பார்க்கட்டுமா?"

"நீயா?" அவர் சிரித்தார். "எடிட்டர் செட்டுக்கு வந்தா கண்ணு கெட்டுப்போயிடும்னு இருபது வருஷமா சொல்றது யாரு? செட்டுல நடக்கறது செட்டோட. உன்கிட்ட வர்றது ஃபுட்டேஜ் மட்டும்தான். என்னடா?"

கடைசிக் கேள்வி வாலுவுக்கு. அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "ஆமா சார்" என்றான்.

அவள் சட்டம்தான் அது. எடுக்கும்போது பட்ட பாட்டைப் பார்த்துவிட்டால் வெட்ட மனசு வராது என்பதற்காக அவளே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். வாய் திறக்க வழியில்லை.

வேன் வந்தது. அப்பாவும் பிள்ளையும் ஏறினார்கள். ஒரே சீட்டில் உட்காரவில்லை.

* * *

எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, இரண்டு திரைகள், எந்நேரமும் குளிர். தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு நேற்றைய சாப்பாட்டு மேஜைக் காட்சியை எடுத்தாள்.

படம் பார்க்கிற நமக்கெல்லாம் 'ஆக்‌ஷன்' என்பதற்கும் 'கட்' என்பதற்கும் நடுவில் இருப்பது மட்டும்தான் தெரியும். எடிட்டருக்கு அதற்கு முன்னால் இருப்பதும் வரும், பின்னால் இருப்பதும் வரும். அழப்போகிற கதாநாயகி அதற்கு முன்னால் மூக்கைச் சொறிவாள். செத்துப்போன வில்லன் எழுந்து உட்கார்ந்து டீ வந்துவிட்டதா என்பான். வாலு சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா மடியில் உட்கார்ந்து இந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் விழுந்து விழுந்து சிரிப்பான். கதையில் அவனுக்கு அக்கறை கிடையாது. "அம்மா, கட்டுக்கு அப்புறம் போடு, கட்டுக்கு அப்புறம் போடு" என்று நச்சரிப்பான்.

எடிட்டருக்கு அவை குப்பை. முதல் வேலையாக வெட்டித் தள்ளிவிடுவாள். பார்க்கக்கூட மாட்டாள், கை தானாகப் போகும்.

இன்றைக்கு அந்தக் கை நின்றதற்குக் காரணம், டேக் முடிந்த பிறகும் 'கட்' என்ற சத்தம் வரவில்லை.

திரையில் நடிகர் தட்டைச் சுவரில் அடித்தார். பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். காட்சி அவ்வளவுதான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. இந்தப் படத்தில் அதற்கு ஒரு சட்டம் உண்டு, முதல் நாளே நடிகர் போட்டது. அவர் நடிக்கிற காட்சியில் அவர் சொன்னால்தான் கட். வேறு எவரும் வாய் திறக்கக் கூடாது.

"அப்பா..." திரையில் வாலு நிமிர்ந்தான். நடிப்புக் குரல் இல்லை, சொந்தக் குரல். "முடிஞ்சுதாப்பா?"

"எந்திரிக்காதே."

அது அவள் புருஷன் குரல் இல்லை. அந்த மீசையின் குரல். சொல்லிவிட்டு அவர் ஃப்ரேமை விட்டு நடந்து போனார். எங்கேயோ ஒரு கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

பையன் எழுந்திருக்கவில்லை. தரையெல்லாம் பீங்கான் சில்லு. யாரோ இருமினார்கள். அவன் வலது கை மெதுவாக நெஞ்சுக்கு இடப்பக்கம் போய்த் தடவியது. எதையோ தேடியது. பழைய காலத்துச் சட்டை அது, காஸ்ட்யூம்காரர்கள் தைத்துக் கொடுத்தது. அதில் பை கிடையாது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. பிறகு அவன் முகத்தைத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்த்தான்.

எடிட்டர் படத்தை நிறுத்தினாள்.

கேமராவைப் பார்த்தால் யாரைப் பார்த்த மாதிரி? அந்தச் செட்டில் இருக்கிற ஒருத்தருக்கும் அது தோன்றாது. கட்டுக்கு அப்புறம் நடப்பதை யார் பார்ப்பாள் என்று வாலுவுக்கு மட்டும் தெரியும்.

முந்தின நாள் வெட்டித் தள்ளிய துண்டுகளைத் தேடி எடுத்துப் போட்டாள். கிணற்றடிக் காட்சி. அதன் பின்னால், கேமராவைப் பார்க்கிறான். அதற்கும் முந்தின நாள், பள்ளிக்கூடக் காட்சி. பார்க்கிறான். பெல்ட் காட்சி. பார்க்கிறான், கண் சிவந்திருக்கிறது. மாடியில் முட்டி போட்ட காட்சி. பார்க்கிறான்.

தினமும் அம்மாவைப் பார்த்திருக்கிறான். தினமும் அம்மா வெட்டி எறிந்திருக்கிறாள்.

"அடிப்பாவி" என்று வாய்விட்டுச் சொன்னாள். தன்னைத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தார். கையில் போஸ்டர் சுருள். "இதைப் பாரேன், உன் புள்ளை எவ்வளவு லட்சணமா இருக்கான்!" என்று விரிக்கப் போனவர், திரையைப் பார்த்ததும் சுருளை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அண்ணி, இன்னைக்கு என்ன சீன்?" என்று கேட்டாள் எடிட்டர்.

"மாடிப்படி ரூம். உன்கிட்ட சொல்லலியா?"

"மாடிப்படின்னுதான் சொன்னார். ரூம்னு சொல்லலை. பூட்டற சீனா? அது அடுத்த வாரம்தானே? வாலு உள்ள போக வேண்டாம், கதவை மட்டும் எடுத்துக்கலாம், உள்ள இருக்கறதைத் தனியா செட் போட்டு எடுக்கலாம்னாரே?"

"மாத்திட்டான். நேத்து சாயங்காலம் வந்தான். நிஜமாவே பூட்டணும்னான். உள்ள ஒரு கேமராவை ஓட விட்டுட்டு எல்லாரும் வெளிய வந்துடணுமாம். எப்ப திறப்போம்னு பையனுக்குத் தெரியக் கூடாதாம்."

"நீங்களும் தலையாட்டிட்டீங்களா?"

நாத்தனார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். யாருக்கும் பயப்படாத மனுஷி, விநியோகஸ்தர்களை நிற்க வைத்துப் பேசுகிறவர். இப்போது போஸ்டர் சுருளை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"வேண்டாம்னுதான் சொன்னேன். அதுக்கு அவன், 'அக்கா, அன்னைக்குக் கதவு திறந்தப்ப என் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, ஒரே ஒரு தடவை அதை நான் பார்க்கணும்'னான். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரலை."

"ஸ்கிரிப்ட்ல மாமா வந்து கதவைத் திறக்கறார். பையனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறார்."

"யாரு, எங்கப்பாவா?" நாத்தனார் சிரித்த சிரிப்பு காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லை. "பூட்டிட்டு, சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, அப்படியே வேலைக்குப் போயிட்டார். வேணும்னு இல்ல. மறந்துட்டார். நான் கதவுக்கு வெளிய உக்காந்து வாய்ப்பாடு சொன்னேன். அவன் உள்ளேருந்து கூடவே சொன்னான். பயம் தெரியாம இருக்கட்டும்னு. ஒரு கட்டத்துல அவன் சொல்றதை நிறுத்திட்டான். நான் மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே அண்ணி?"

"அப்பா பேரு கெட்டுடும்னு பயம். எனக்கு என்ன வயசு அப்ப? பொழுது சாஞ்சு வந்தார். கதவைத் திறந்தார். 'அட, நீ இன்னும் இங்கதான் இருக்கியா'ன்னார்."

"முகம் எப்படி இருந்துச்சு?" எடிட்டர் கேட்டாள்.

"அதைப் பார்த்தவ நான் ஒருத்திதான். மறுநாள் திருப்புளி எடுத்து வீட்டுல இருந்த தாழ்ப்பாள் எல்லாத்தையும் நானே கழட்டிப் போட்டேன். என்னை அதுக்கு மேல கேக்காதே."

கல்யாணமான புதிதில் எடிட்டர் கேலி செய்து சிரித்த விஷயம் இது. திரைப்பக்கம் திரும்பினாள். பிறகு நிறுத்தி வைத்திருந்த படத்தைக் கையால் தொட்டுக் காட்டினாள்.

"இன்ஹேலர் அவன் சட்டைப் பாக்கெட்ல இருக்கு அண்ணி. இந்தச் சட்டையில பாக்கெட்டே இல்ல."

நாத்தனார் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். போஸ்டர் மேஜைக்கு அடியில் உருண்டு போனது.

* * *

வழியெல்லாம் போன் போட்டுப் பார்த்தாள். ஒருத்தரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? ஷூட்டிங் நேரத்தில் எல்லார் போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுவது நடிகரின் இன்னொரு சட்டம்.

"கொஞ்சம் வேகமா போங்க அண்ணி."

"பறக்கவா சொல்றே? போய்க்கிட்டுத்தான் இருக்கேன். நீ அழாதே, என்னை ஓட்ட விடு."

ஷூட்டிங் வீடு ஊரைத் தாண்டி இருந்தது. வாடகைக்கு எடுத்த பழைய மாடி வீடு. வாசலில் காஸ்ட்யூம் வேன் திறந்து கிடந்தது. உள்ளே ஹேங்கரில் வாலு காலையில் போட்டுப் போன சட்டை தொங்கியது. எடிட்டர் பைக்குள் கையை விட்டாள். இன்ஹேலர் இருந்தது. காலையில் "இருக்கும்மா" என்று தட்டிக் காட்டிய அதே இடத்தில் பத்திரமாக இருந்தது.

வீட்டுக்குள் அத்தனை பேர் இருந்தும் சத்தமே இல்லை. லைட் ஆட்கள், கேமரா ஆட்கள், மேக்கப் ஆட்கள் எல்லாரும் சுவரை ஒட்டி நின்றிருந்தார்கள். இணை இயக்குநர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"ரோலிங் மேடம்."

"எப்பலேருந்து?"

"சாப்பாட்டுக்கு முன்னாடிலேருந்து."

"இப்ப டீ நேரமே தாண்டிடுச்சு!"

"தெரியும் மேடம்." அவன் கண் கலங்கியிருந்தது. "யாரும் இன்னும் சாப்பிடலை."

"அப்ப கட் சொல்றதுக்கென்ன?"

"சார்தானே மேடம் சொல்லணும்?"

அவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் ஆளுக்கொரு பிள்ளை வைத்திருப்பவர்கள்தான். ஆனால் ஒருத்தன் சொன்னால்தான் கட் என்று ஆகிவிட்ட இடத்தில், மற்ற எல்லாருக்கும் வாய் கட்டிப் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஆளாளுக்கு அடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு குட்டைக் கதவு. வெளியே பெரிய பூட்டு. அதற்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, மாமனாரின் வேட்டி சட்டையில், மாமனாரின் மீசையோடு நடிகர் உட்கார்ந்திருந்தார். சாவி மடியில் இருந்தது. கண் கதவைவிட்டு அசையவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் இன்னொரு கேமரா, கதவு திறக்கும்போது தெரியப்போகிற முகத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

சவுண்ட்காரர் தன் ஹெட்போனைக் கழற்றி எடிட்டரிடம் நீட்டினார். "நீங்களே கேளுங்க மேடம். கொஞ்ச நேரமா மூச்சு ஒரு மாதிரி இருக்கு."

காதில் வைத்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் புதுசு இல்லை. எத்தனையோ நாள் தூக்கத்திலிருந்து எழுப்பிய சத்தம். ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்லிசாக ஒரு விசில்.

"கட்!" என்றாள்.

இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரு செட்டில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னாள். எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நடிகர் மட்டும் திரும்பவில்லை.

"யாரது?" என்றார், அந்தக் குரலில். "சத்தம் போட்டது யாரு?"

"தம்பி," என்றார் நாத்தனார்.

அவர் திரும்பினார்.

"சாவியை எடுடா. கதவைத் திற."

நடிகர் அக்காவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தூக்கத்தில் நடந்து வந்தவரைப் பிடித்து நிறுத்தியது மாதிரி விழித்தார். "என்னக்கா அவசரம்? இப்பத்தானே பூட்டினேன்?"

நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி பூட்டியிருக்கீங்க" என்றாள் எடிட்டர். "ஜன்னலைப் பாருங்க. வெயில் இறங்கிடுச்சு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். எழுந்து ஓடிப்போய்ச் சாவியைப் போட்டார். இரண்டு முறை தவறியது. பூட்டைக் கழற்றிச் சாவியோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளினார்.

கதவு திறக்கவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை.

"சார்..." இணை இயக்குநர் எச்சில் விழுங்கினான். "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குபோல சார். பழைய வீடு. நம்ம யாரும் கவனிக்கலை."

வெளிப்பூட்டு சரியாக விழுகிறதா என்று காலையிலிருந்து அவர் எத்தனையோ தடவை பார்த்தார். சாவி அந்தக் காலத்துச் சாவி மாதிரி இல்லை என்று மாற்றக்கூடச் சொன்னார். கதவின் உள்பக்கத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. அக்கா கழற்றிப் போட்ட நாளிலிருந்து தாழ்ப்பாள் இல்லாத கதவுகளோடு இருந்தவர்.

"வாலு!" எடிட்டர் கதவோடு வாயை வைத்துக் கூப்பிட்டாள். "கண்ணா, அம்மா வந்துட்டேன்டா."

உள்ளே விசில் சத்தம். பிறகு குரல். "பார்த்துட்டியாம்மா?"

"பார்த்துட்டேன்டா. லேட்டா பார்த்தேன். எல்லாத்தையும் பார்த்துட்டேன். இன்ஹேலர் கையில வச்சிருக்கேன், தாழ்ப்பாளைத் தூக்கு."

"சார் இருக்காங்களா?"

"இருக்கார்."

"அவங்க போகட்டும். அப்புறம் திறக்கறேன்."

நடிகர் கதவின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார். "டேய், சார் இல்லடா. அப்பாடா. அப்பாதான்டா வந்திருக்கேன்."

"எந்த அப்பா?" என்றான் வாலு.

நடிகர் வாயைத் திறந்தார். என்ன சொல்லுவார்? உடம்பில் இருப்பது வேறொருவர் சட்டை, முகத்தில் இருப்பது வேறொருவர் மீசை.

"உடைச்சிடலாம் மேடம்" என்று லைட் ஆள் ஒருவன் முன்னால் வந்தான்.

"வேண்டாம். கதவை ஒட்டி நிக்கறான். அவன் மேலேயே விழும்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. கத்துவதற்கெல்லாம் நேரம் இல்லை. "நீங்க போங்க."

"நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை..."

"மூச்சு வாங்குதுங்க அவனுக்கு. போங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். சின்ன வயதில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன அக்கா. அவரும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

நடிகர் போனார். வேட்டி தடுக்க, கேபிள்களைத் தாண்டித் தாண்டிப் போனார். ஆட்கள் விலகி வழி விட்டார்கள். வாசலில் நின்ற கம்பெனி கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து போகிற வரைக்கும் உள்ளே இருந்தவன் காத்திருந்தான்.

பிறகு தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது.

அந்த முகத்துக்காகத்தான் நடிகர் இத்தனையும் செய்தார். அது தெரிந்தபோது அவர் அங்கே இல்லை. உள்ளே இருந்த கேமராவுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது, வெளியே இருந்ததிலும் அது விழவில்லை. எடிட்டர் 'கட்' சொன்னதும், யாரோ ஒருவர் சொல்லிவிட்டார் என்ற நிம்மதியில் கேமராமேன் அப்போதே நிறுத்திவிட்டான். நாத்தனார் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த முகத்தை இங்கே எழுதப் போவதில்லை. பெற்றவள் பார்த்துவிட்டாள், அது போதும்.

தலையெல்லாம் ஒட்டடை, உதடு வெளுத்திருந்தது. எடிட்டர் அவனைப் படியில் உட்கார வைத்து இன்ஹேலரை வாயில் கொடுத்து அழுத்தினாள். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இன்னொரு தடவை அழுத்தினாள். விசில் மெதுவாக மெதுவாக அடங்கியது. யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். சவுண்ட்காரர் ஒரு மூலையில் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார்.

"தாழ்ப்பாளை எப்படா போட்டே?" அவள் கேட்டாள்.

"பூட்டின உடனே." வாலு தண்ணீரைக் குடித்தான். "நானே போட்டுக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டா பயமா இல்லம்மா."

நாத்தனார் தம்பியின் நம்பரை அழுத்தினார். மணி அடித்தது, பக்கத்திலேயே. பெட்டிக்குள், மற்ற போன்களோடு அவருடையதும் கிடந்தது. அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எங்கே போயிருப்பான்? அப்பா மீசையோடு, அப்பா சட்டையோடு. பூட்டும் சாவியும் அவன் பையில்.

"எங்கப்பாவும் அன்னைக்குச் சாவியோடதான் போனார்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

* * *

திரும்பும்போதும் காரை நாத்தனார்தான் ஓட்டினார். வாலு பின் சீட்டில் அம்மா தோளில் சாய்ந்திருந்தான். தன் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையின் மேல் கையை வைத்திருந்தான். கண்ணை மூடித் தூங்குகிறான் என்று அவள் நினைத்தாள். எதிரே வருகிற ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள், அவர் எடுத்துப்போனதாக இருக்குமோ என்று. வீட்டுக்குத்தான் போயிருப்பார். வேறு எங்கே போவார்? போனதும் என்ன பேசுவது? யாராகத் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார்?

"அத்தை," என்றான் வாலு, கண்ணைத் திறக்காமல்.

"என்னடா ராஜா?"

"போற வழியில ஹார்டுவேர் கடை இருந்தா நிறுத்துங்க."

"எதுக்கு?"

"என் ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கணும்."

எடிட்டர் நாத்தனாரைப் பார்த்தாள். கண்ணாடியில் நாத்தனாரின் கண் மட்டும் தெரிந்தது. அடுத்த தெருமுனையில் ஒரு கடையைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார்.

"போய் நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வா" என்றார். "திருப்புளி என்கிட்ட இருக்கு."